வலசை போகாத வாத்து எது? கழுவெளியில் புள்ளிமூக்கு வாத்து

2024 மார்ச் 24, ஒரு வாசகர் கேட்டது

நேற்றுக் காலை மரக்காணம் பக்கத்துக் கழுவெளி உவர்நீர் ஏரிக்குப் போயிருந்தேன். ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை. தட்டைவாயனும் இல்லை. நீலச்சிறகி மட்டும் நாற்பது ஐம்பது இருந்தன. சீசன் முடிந்துவிட்டது, இனி அக்டோபர் வரை கடலோரத்தில் வாத்து பார்க்கப் போவது வீண் அலைச்சல் என்று நினைக்கிறேன். இங்கே இருக்கிற வாத்தெல்லாம் வலசை வந்தவைதானே? நம்ம ஊர் வாத்து என்று கடலோரத்தில் ஏதாவது உண்டா?

2024 மார்ச் 24, இரவு

உண்டு. நேற்று நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கும். புள்ளிமூக்கு வாத்து.

பதினாலு வருஷமாகக் கழுவெளிக்குப் போகிறேன். முதல் ஐந்தாறு வருஷம் நானும் இதைச் சரியாகப் பார்த்ததில்லை. பூநாரை வந்திருக்கிறதா, ஊசிவால் எத்தனை என்றுதான் கண் ஓடும். நோட்டில் கடைசி வரியாக 'பு.மூ. வாத்து 12' என்று எழுதிவிட்டு மூடிவிடுவேன். அந்தப் பன்னிரண்டும் நான் போனபிறகு என்ன செய்தன என்று யோசித்தது கிடையாது.

அடையாளம் சொல்கிறேன். கிட்டத்தட்ட நாட்டு வாத்தின் அளவு, 55 முதல் 63 செ.மீ. உடம்பெல்லாம் பழுப்பு. ஒவ்வோர் இறகின் ஓரமும் வெளுத்திருப்பதால் மீன் செதிலை அடுக்கி வைத்ததுபோல் தெரியும். தலையும் கழுத்தும் வெளிர் நிறம், கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு. அலகு கறுப்பு, நுனி மட்டும் நல்ல மஞ்சள். அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு. கால் செம்மஞ்சள். பறந்தால் சிறகில் பச்சை மினுங்கும்.

பெயரை நம்பிப் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இருநூறு மீட்டர் தாண்டினால் 8×42 பைனாகுலரில் புள்ளி தெரியாது. தண்ணீரில் மிதக்கும்போது முதுகோரமாக, வாலுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். உடம்பை ஒட்டிய உள்சிறகு இறகுகளின் வெள்ளை அது. அரை கிலோமீட்டரில்கூட அது கண்ணில் படும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

சிவப்புப் புள்ளி இருந்தால் ஆண், இல்லையென்றால் பெண். வருஷம் பூராவும் இங்கேயேதான் இருக்கும். கோடையிலும் கழுவெளியை விட்டுப் போகாது.

2024 மார்ச் 26

மேலே கடைசிப் பத்தியில் அவசரப்பட்டுவிட்டேன். பெண்ணுக்குப் புள்ளி இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. சிலவற்றில் சிறியதாக, மங்கலாக இருக்கும். வளராத இளசுகளுக்கும் இருக்காது. ஆகவே பெரிய, பளிச்சென்ற சிவப்பைப் பார்த்தால் ஆண் என்று எழுதலாம். புள்ளி தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துப் பெண் என்று எழுதக் கூடாது. என் பழைய நோட்டுகளில் அப்படி எழுதிய பக்கங்கள் நிறைய இருக்கின்றன. 'இரண்டு பெண்கள்' என்று எழுதிய ஒரு ஜோடி, ஆணும் பெண்ணுமாகவே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

குரலில் சந்தேகம் குறைவு. 'குவாக் குவாக் குவாக்' என்று சத்தமாகத் தொடங்கிப் படிப்படியாக இறங்குவது பெண். ஆணின் குரல் மெல்லியது, காற்றில் கரைந்துவிடும். ஒரு ஜோடி பக்கத்தில் எழும்பினால் எது கத்துகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

2024 ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. விடியுமுன்பே கிளம்பிவிட்டேன். வருகிறேன் என்று சொன்ன கேள்வி கேட்ட நண்பர் வரவில்லை, வேலை இருந்திருக்கும்.

கழுவெளிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து மேற்கே பாருங்கள். சூரியன் கடலிலிருந்து எழுந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வாத்தின் மேல் நேராக வெளிச்சம் விழும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். எட்டரை மணிக்குமேல் கானல் எழும்ப ஆரம்பித்துவிடும். உப்பளத்து வெள்ளை மண்மேல் காற்று நெளியும்போது நாற்பதாயிரம் ரூபாய் ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) வைத்தாலும் நாமக்கோழிக்கும் வாத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

தண்ணீர் ஏற்கெனவே உள்வாங்கியிருந்தது. ஆழம் இருந்த ஒரு பக்கத்தில் பத்தொன்பது புள்ளிமூக்கு வாத்து. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, அடியில் இருந்த கோரையின் வேரையும் விதையையும் மேய்ந்துகொண்டிருந்தன. முக்குளிக்காமல் மேலேயே மேய்கிற வாத்து இது. அதனால் தண்ணீர் ஒரு முழ ஆழம் இருந்தால் போதும், ஆள் ஆழம் இருந்தால் அதற்குப் பிரயோஜனம் இல்லை. ஏரியைத் தூர்வாரி ஒரே சீராக ஆழப்படுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்னக் குழப்பம். அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான வாத்து. தூரத்திலிருந்து எல்லாம் பழுப்பு. வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். மேய்ப்பவர் குச்சியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எல்லாம் உங்க வாத்தா?"

"எண்ணிவிட்டது எல்லாம் நம்மளுது சார். அந்த ஓரத்துல ரெண்டு நிக்குது பாருங்க, அது நம்மளுது இல்ல. காட்டு வாத்து. காலையில வரும், நாம கிட்டப் போனா எழும்பிடும். நம்மளுது எழும்பாது."

அவர் காட்டிய இரண்டும் புள்ளிமூக்கு வாத்துதான். மந்தையோடு மந்தையாக நெல்மணி பொறுக்கிக்கொண்டிருந்தன. கீரி, சன்னியாசி என்று நிறத்தை வைத்துத் தன் வாத்துகளைப் பிரித்துக் காட்டினார். அவருக்கு அலகின் நுனி மஞ்சள் தேவைப்படவில்லை. 'நிக்கிற நிலை வேற சார், கழுத்த நீட்டிக்கிட்டே நிக்கும்' என்றார். வீட்டுக்கு வந்து என் படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். நாட்டு வாத்தின் உடம்பு பின்பக்கம் கனத்து, நிமிர்ந்து நிற்கிறது. காட்டு வாத்தின் உடம்பு தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கிறது, கழுத்து மட்டும் உயர்ந்து காவல் பார்க்கிறது. இத்தனை வருஷத்தில் நான் எழுதிவைக்காத ஓர் அடையாளம்.

2024 ஏப்ரல் 17

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கடலோரத்து வாத்து என்றால் கடல் தண்ணீரைக் குடிக்குமா?

கண்ணுக்கு மேலே, மண்டையோட்டை ஒட்டி வாத்துகளுக்கு உப்புச் சுரப்பி ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் மிஞ்சும் உப்பை அது பிரித்து மூக்குத் துளை வழியாகச் சொட்டாக வெளியேற்றும். கடலிலேயே வாழ்கிற பறவைகளுக்கு அது பெரியது, நன்னீர் வாத்துகளுக்குச் சிறியது. ஆகவே உவர்நீரில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் வேறு கதை. கழுவெளியில் நான் பார்த்தவரை இந்த வாத்து எப்போதும் மேற்குப் பக்கம், மழைத்தண்ணீர் வந்து சேரும் பக்கமாகவே அதிகம் இருக்கும். எடையன்திட்டு கழிமுகப் பக்கம் ஓய்வெடுக்க வரும், மேய்ந்து பார்த்தது குறைவு.

குஞ்சுகள் விஷயத்தில்தான் உப்பு ஆபத்து. பொரித்த முதல் சில நாள்கள் அவற்றின் சுரப்பி சரியாக வேலை செய்யாது. அந்த நாள்களில் பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லையென்றால் குஞ்சு தங்காது.

2024 மே 19

பூஜ்யம்.

காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை இருந்தேன். கழுவெளி வெடித்துக் கிடக்கிறது. நடுவில் மிஞ்சிய சேற்றில் நெடுங்கால் உள்ளானும் நாரையும் இருந்தன. ஒரு புள்ளிமூக்கு வாத்துகூட இல்லை. மார்ச்சில் 'கோடையிலும் விட்டுப் போகாது' என்று எழுதியிருக்கிறேன், அது தப்பு.

எப்படி அப்படி எழுதினேன் என்று பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மே மாதத்தில் நான் கழுவெளிக்குப் போனதே மொத்தம் மூன்று முறை. மூன்றும் முந்தைய மழை நன்றாகப் பெய்து தண்ணீர் நின்ற வருஷங்கள். நான் போகாத வருஷங்களிலும் வாத்து இருந்திருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2024 மே 20

நேற்று எழுதியது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வலசை போகாத வாத்து என்றால் நகராத வாத்து என்று அர்த்தமில்லை. நீலச்சிறகி ஐரோப்பா, வட ஆசியா வரை போய்க் கூடு கட்டுகிறது. இது அப்படிப் போகாது, ஆனால் தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துச் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே இடம் மாறும். புத்தகங்களில் 'உள்ளூர் இடப்பெயர்ச்சி' என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை நான் இத்தனை வருஷமும் தாண்டிப் போயிருக்கிறேன்.

சரி, எங்கே போயின?

2024 ஜூன் 9

ஊசுட்டேரி. புதுச்சேரிக்கு மேற்கே, பாதி அந்தப் பக்கம் பாதி தமிழ்நாடு. தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. வெள்ளைப் பட்டையை வைத்து எண்ணினேன், 64. பக்கத்தில் சீழ்க்கைச் சிறகிகள், நாமக்கோழிகள்.

கழுவெளியிலிருந்தவைதான் இவை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எதன் காலிலும் அடையாள வளையம் கிடையாது. ஆனால் பறக்கும் தூரம் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர்தான். வாத்துக்கு அரை மணி நேர வேலை. ஏப்ரலில் அங்கே 19, மேயில் 0, இங்கே ஜூனில் 64. சுற்றுவட்டாரத்தில் வற்றிய ஒவ்வொரு ஏரியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இது எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், கழுவெளி 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 5,000 ஹெக்டேருக்கும் மேல். நான் ரொம்பவும் சந்தோஷப்பட்ட நாள் அது. ஆனால் இந்த வாத்துக்கு அது வருஷத்தில் சில மாத வீடு. மீதி மாதங்களுக்குப் பெயரில்லாத ஊர் ஏரிகளும் தாங்கலும் குட்டையும் வேண்டும். அவற்றில் ஒன்று வீட்டுமனையானால் செய்தியில் வராது, வாத்து கணக்கில் மட்டும் குறையும்.

2024 ஆகஸ்ட் 11

நண்பர் ஒருவர் படம் அனுப்பி, 'புள்ளிமூக்கு வாத்துக்குச் சிவப்புப் புள்ளியே இல்லையே, பெண்ணா?' என்று கேட்டார். நல்ல படம், அலகு தெளிவாக இருக்கிறது. நுனி மஞ்சள் சரி. ஆனால் அலகடியிலிருந்து கன்னத்தில் இன்னொரு கறுப்புக் கோடு ஓடுகிறது, சிறகு மினுக்கம் பச்சையில்லை, நீலம். எங்கே எடுத்தது என்று கேட்டால் ஜப்பானாம்.

அது கிழக்காசியாவின் புள்ளிமூக்கு வாத்து. முன்பு இரண்டையும் ஒரே இனமாக வைத்திருந்தார்கள், இப்போது தனித்தனி. பழைய வழிகாட்டிப் புத்தகத்தின் வரைபடத்தில் நம்ம வாத்து ஜப்பான்வரை பரவியிருப்பதாகக் காட்டியிருந்தால் குழம்ப வேண்டாம். பெயரில் உள்ள சிவப்புப் பொட்டு நம்முடையதுக்குத்தான் உரியது. ஜப்பான் வாத்துக்குப் புள்ளியே கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2024 அக்டோபர் 20

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஐந்து நாள். கழுவெளியின் மேற்கு ஓரத்தில் தண்ணீர் ஏறுகிறது. புள்ளிமூக்கு வாத்து 8. கூட்டமாக இல்லை, இரண்டிரண்டாக, ஜோடிக்கு ஜோடி நூறு மீட்டர் இடைவெளி விட்டு. ஒரு ஆண் பக்கத்து ஜோடியைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்து, தன் ஜோடிக்கு முன்னால் தலையை மேலும் கீழும் ஆட்டியது. வட இந்தியாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை கூடு கட்டும். நமக்கு மழை வருவது இப்போதுதான், ஆகவே நம் பக்கம் நவம்பர், டிசம்பர்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் இந்த மாதத்தில் வலசை வாத்துக்காகத்தான் வருகிறோம். ஸ்கோப்பை நடு ஏரிக்குத் திருப்பி வைத்திருக்கும்போது, கரையோரக் கோரையில் குடும்பம் நடத்துகிறவர்களை விட்டுவிடுகிறோம்.

2024 நவம்பர் 17

இன்று நடந்ததை எழுத வேண்டும். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

உப்பளத்துக்குப் பின்னால் மேடான ஒரு கரை. கோரையும் புதரும் முழங்கால் உயரம். உள்ளான்களைப் படம் எடுக்க நல்ல கோணம் கிடைக்கும் என்று அதன்மேல் நடந்தேன். அங்கே நடக்க வேண்டிய அவசியமே இல்லை. என் காலுக்கு இரண்டடி முன்னால் ஒரு பெண் வாத்து வெடித்தமாதிரி எழும்பி, பத்தடி தள்ளித் தண்ணீரில் விழுந்தது. ஒரு சிறகைத் தொங்கப் போட்டு அடித்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறிப் போனது. அடிபட்ட பறவை என்றே ஒரு கணம் நினைத்தேன். அது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் புரிந்தது. என்னைத் தன் பின்னால் இழுக்கப் பார்க்கிறது.

கீழே பார்த்தேன். தரையில் ஒரு குழி, கோரைச் சருகு, ஓரமெல்லாம் அம்மாவின் மார்பிலிருந்து பிடுங்கிய மென்தூவி. மங்கிய வெள்ளையில் ஒன்பது முட்டை. படம் எடுக்கவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. உப்பளத்துக் கொட்டகை மேல் இரண்டு காகம் உட்கார்ந்திருந்தன. மனிதன் புதருக்குள் போய்ச் சட்டென்று நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று காகத்துக்குத் தெரியும். நேராக வண்டிக்குப் போனால் அவை கூட்டுக்குப் போய்விடும் என்று பயந்து, கரையின் இன்னொரு கோடிக்குப் போய் அங்கேயும் இரண்டு மூன்று இடத்தில் குனிந்து குனிந்து நின்றேன். காகங்கள் அங்கே வந்தன. முக்கால் மணி நேரம் அவற்றை அங்கேயே வைத்திருந்தேன். தூரத்திலிருந்து ஸ்கோப்பில் பார்த்தபோது பெண் வாத்து நீந்தி வந்து, கரையேறி, கோரைக்குள் நுழைந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

உப்பள வேலைக்கு வந்த அக்கா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். 'வருஷா வருஷம் இங்கதான் சார் வைக்கும். நாங்க அந்தப் பக்கமா சுத்திப் போயிருவோம்' என்றார். கரையில் தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒரு இடத்தில் விலகி வளைந்து போவதைக் காட்டினார். அந்தப் பாதை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஏன் வளைகிறது என்று கேட்டதில்லை.

2024 நவம்பர் 18

இடம் எது என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், சொல்ல மாட்டேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஒருவர் போனால் பாதிப்பில்லை, பத்துப் பேர் போனால் கோரையில் பாதை விழும், பாதை விழுந்தால் நாயும் கீரியும் காகமும் வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமில்லை. முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. நேற்று நான் செய்தது தெரியாமல் நடந்தது. தெரிந்தே ஒருவரை அனுப்பினால் அதை அப்படிச் சொல்ல முடியாது.

2024 நவம்பர் 30, மாலை

ஃபெஞ்சல் புயல் இன்று இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடக்கும் என்கிறார்கள். காற்று ஆரம்பித்துவிட்டது. அந்தக் கரை தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டடி உயரம்கூட இருக்காது.

2024 டிசம்பர் 3

எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் பெய்திருக்கிறது. எல்லாரும் பத்திரமா என்று கேட்டவர்களுக்கு நன்றி, நாங்கள் நன்றாக இருக்கிறோம். பக்கத்து ஊர்களில் நிலைமை ரொம்ப மோசம். இந்த நேரத்தில் வாத்தைப் பற்றி எழுதுவது சரியா என்று தயங்கினேன். ஆனாலும் மனசு அங்கேயேதான் இருக்கிறது.

2024 டிசம்பர் 8

போய்ப் பார்த்தேன். கரையைக் காணோம். உப்பளமும் கழுவெளியும் ஒரே தண்ணீராகக் கிடக்கிறது. நான் கூட்டைப் பார்த்த நாளில் அடைகாக்கத் தொடங்கியிருந்தால், 24 நாள் கணக்கில் இன்னும் பொரிக்கும் நாள் வந்திருக்காது. அந்த ஒன்பதும் போய்விட்டன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உப்பளத்து அக்காவைப் பார்த்தேன். அவர்களுக்கு உப்புக் குவியல் மொத்தமும் கரைந்துவிட்டது. வாத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரேதான் சொன்னார்: 'அது மறுபடி வைக்கும் சார். நாங்களும் மறுபடி பாத்தி கட்டணும்.'

2024 டிசம்பர் 9

நேற்றுத் தூக்கம் வராமல் யோசித்தது. ஏப்ரலில் குஞ்சுக்கு உப்பு ஆகாது என்று எழுதியிருந்தேன். இந்தப் புயல் முட்டைகளைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் அதே மழை உப்புப் பாத்திகளைக் கழுவி, கிழக்குப் பக்கத்தையே ஏறக்குறைய நன்னீராக்கியிருக்கிறது. கரையோரக் குட்டையில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீர் போலவே இருந்தது. முதல் ஈடு முட்டை போனால் வாத்துகள் பல சமயம் இன்னொரு ஈடு வைக்கும். இப்போது வைத்தால் குஞ்சுக்குத் தண்ணீர் இருக்கிறது.

2024 டிசம்பர் 22

தண்ணீர் கொஞ்சம் வடிந்து கரையின் முதுகு தெரிகிறது. பக்கத்தில் போகவில்லை. சாலையிலிருந்தே ஸ்கோப்பில் பார்த்தேன். ஆண் வாத்து ஒன்று மட்டும் தண்ணீரில் தனியாக மிதந்தது. முக்கால் மணி நேரம் அதே இடம். பெண் எங்கே என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பது நல்ல அறிகுறி, கூட்டில் இருக்கலாம்.

வலசை வாத்துகள் வந்துவிட்டன. ஊசிவால் முந்நூறுக்கு மேல், தட்டைவாயன், நாமத்தலை வாத்து கொஞ்சம். எண்ணி எழுதினேன். ஆனால் இந்த வருஷம் அவை எனக்குப் பின்னணியாகிவிட்டன.

2025 ஜனவரி 16

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக நான்கு இடம் சுற்றினேன். 2015-லிருந்து நடக்கிறது, பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் நின்று பார்த்ததை எழுதி அனுப்பினால் போதும். வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் செய்யலாம். கலந்துகொள்ளாதவர்கள் அடுத்த வருஷமாவது செய்யுங்கள். புள்ளிமூக்கு வாத்து நான்கு இடத்திலும் சேர்த்து 31. குஞ்சு இல்லை.

2025 ஜனவரி 19

இருக்கிறது!

காலை 6.50. கேள்வி கேட்டு இதையெல்லாம் தொடங்கிவைத்த நண்பர் இன்று என்னோடு வந்திருந்தார். அவர்தான் முதலில் பார்த்தார். கோரை ஓரமாகப் பெண் வாத்து, பின்னால் ஒரே வரிசையில் கறுப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னப் பந்துகள். முதலில் ஏழு என்றார். நான் எட்டு என்றேன். மறுபடி எண்ணி எட்டு. அம்மா நின்றால் எல்லாம் நிற்கின்றன, அம்மா திரும்பினால் வால்பக்கம் வந்து குவிகின்றன. ஒன்று மட்டும் பின்தங்கி, தண்ணீர்மேல் ஒரு பூச்சியைத் துரத்திவிட்டு, பிறகு தண்ணீரின் மேல் ஓடியே வந்து சேர்ந்துகொண்டது.

சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. அம்மா ஒரே ஒரு சத்தம், எட்டும் கோரைக்குள் போய்விட்டன. பருந்து இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனது. பத்து நிமிஷம் கழித்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நண்பர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. நானும் பேசவில்லை.

2025 ஜனவரி 20

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு ஒரு முட்டை, கடைசி முட்டை வைத்தபிறகுதான் அடைகாக்கும், அதனால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கும். எட்டு ஒன்பது நாள் முட்டை வைக்க, 24 நாள் அடை. நேற்றுப் பார்த்த குஞ்சுகளுக்கு வயது நாலைந்து நாள் இருக்கலாம். பின்னோக்கி எண்ணினால் முதல் முட்டை டிசம்பர் 12, 13 வாக்கில். புயல் கடந்து இரண்டு வாரத்துக்குள். அதே பெண்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே கரைதான், அது உறுதி.

2025 பிப்ரவரி 16

ஆறு. குஞ்சுகள் பாதி அம்மா அளவு வந்துவிட்டன. மஞ்சள் போய்ப் பழுப்பு வந்திருக்கிறது. இரண்டு குறைந்ததற்கு என்ன காரணம் என்று தெரியாது. எட்டில் ஆறு என்பது இந்த வயதில் நல்ல கணக்கு.

பாத்திகளில் மறுபடி கடல்தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார்கள். குடும்பம் மேற்குப் பக்கம் இடம் மாறியிருக்கிறது.

2025 மார்ச் 16

கேள்வி வந்து ஏறக்குறைய ஒரு வருஷம். நண்பரும் நானும் மறுபடி போனோம். ஊசிவால் ஒன்றுகூட இல்லை, நீலச்சிறகி இருபதோ முப்பதோ.

ஏழே கால் மணிக்கு மேற்குப் பக்கமிருந்து ஏழு வாத்து எழும்பின. முன்னால் ஒன்று இறங்குகிற குரலில் கத்திக்கொண்டே போனது. பின்னால் ஆறு. சிறகடி இன்னும் கொஞ்சம் தடுமாற்றம்தான். தலைக்கு மேல் வந்தபோது பச்சை மினுங்கியது. தெற்கே, ஊசுட்டேரி இருக்கும் திசையில் திரும்பின. நண்பர் நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். முதல் வரியே 'புள்ளிமூக்கு வாத்து 7'.